14 வயதுப் பூனை, 5 மாத இருமல்: காரணம் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

கருத்தடை செய்த 14 வயதுப் பெண் பூனை. குட்டை முடி, கலப்பினம், வீட்டைவிட்டு வெளியே போகும் வழக்கம் இல்லை. எடை 3.2 கிலோ, ஒரு வருடத்துக்கு முன் 3.9 கிலோ. நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதற்கான உணவும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்தும் போய்க்கொண்டிருந்தன. எங்களிடம் வந்தபோது இருமல் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதலில் வாரத்தில் ஓரிரு முறை, பிறகு நாள்தோறும், கடைசி மாதத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து இருமும் அளவுக்கு.

அதற்குள் மூன்று வைத்தியம் நடந்துவிட்டது. முடி உருண்டை என்று நினைத்து அதற்கான பேஸ்ட் கொடுத்தார்கள், பலன் இல்லை. கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று டாக்சிசைக்ளின். அதற்கும் பலன் இல்லை. அப்புறம் ஆஸ்துமா என்று இரண்டு வாரம் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. இதில் மட்டும் இருமல் பாதியாகக் குறைந்தது. நிறுத்திய சில நாளில் பழையபடி திரும்பியது. ஸ்டீராய்டுக்குக் கேட்கிறது, அப்படியென்றால் ஆஸ்துமாதான், ஆயுள் முழுக்கக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த இடத்தில்தான் வளர்ப்பவர் தயங்கினார். காரணம் என்னவென்று முதலில் தெரிய வேண்டும் என்றார். அவர் தயங்கியது எவ்வளவு சரி என்பது பிறகு தெரிந்தது.

வீடியோவில் பார்த்தது

பூனை இருமுவதை மருத்துவர் நேரில் பார்ப்பது அரிது. பரிசோதனை மேசையில் அது ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், ஒரு தடவைகூட இருமாது. அதனால் செல்போனில் எடுத்த வீடியோவை நான் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே கேட்டு வாங்குகிறேன். இந்தப் பூனையின் வீடியோவில் அது தரையோடு பதுங்கி, முழங்கைகளை வெளிப்பக்கம் விரித்து, கழுத்தை முன்னால் நீட்டி, ஏழெட்டு முறை வறட்டு ஒலியோடு தொடர்ந்து இருமியது. முடிவில் ஒரு விழுங்கல். வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

வாந்தியானால் வயிறு எக்கி எக்கி இழுக்கும், எச்சில் வடியும், கடைசியில் ஏதாவது வெளியே வரும். முடி உருண்டை இருப்பது வயிற்றில். மூச்சுக்குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. மாதக்கணக்கில் முடியைக் கக்கப் பார்க்கிறது, ஆனால் ஒருமுறைகூட முடி வரவில்லை என்றால் அதை இருமல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு குழப்பத்தால் பூனைகள் இழக்கும் மாதங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பூனையின் கதையில் அந்தக் குழப்பம் நேரத்தை மட்டும் தின்னவில்லை, நோயையே வளர்த்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேசையில் கிடைத்தவை

மூச்சு நிமிடத்துக்கு 44. வீட்டில் நன்றாகத் தூங்கும்போது எண்ணிச் சொல்லும்படி கேட்டிருந்தோம். 34 முதல் 36 வரை இருந்தது. தூக்கத்தில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை, 38.6 டிகிரி செல்சியஸ். ஈறுகள் நல்ல நிறத்தில் இருந்தன. இதயத்தில் லேசான முணுமுணுப்பு. வலது மார்பின் கீழ்ப்பகுதியில் மூச்சை இழுக்கும்போது மெல்லிய நொறுநொறுப்பு ஒலி, இடதில் அது இல்லை. மூச்சுக்குழாயை விரலால் மெல்ல அழுத்தியதும் இருமியது; ஆனால் எந்தக் காரணத்தால் மூச்சுக்குழாய் எரிச்சலடைந்திருந்தாலும் அப்படித்தான் இருமும், அதை வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. வயிற்றைத் தடவிப் பார்த்ததில் சுருங்கிய சிறுநீரகங்கள், பெருங்குடலில் கெட்டியான மலம்.

கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகத்தின் அடி வரை பார்த்தோம். இருமலுக்கு ஏன் கால்விரல் என்று வளர்ப்பவர் கேட்டார். பூனைகளின் நுரையீரல் புற்று கால்விரல் எலும்புகளுக்குப் பரவும் விநோதப் பழக்கம் கொண்டது. சில பூனைகள் இருமாமலேயே நொண்டிக்கொண்டு வரும். வீங்கிய விரலை ஆராய்ந்தால் மூலம் நுரையீரலில் இருக்கும். இந்தப் பூனையின் விரல்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அதனால் புற்று இல்லை என்று ஆகிவிடாது, ஆனால் பார்க்காமல் விடக் கூடாத இடம் அது.

வயதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பூனை ஆஸ்துமா பெரும்பாலும் இளம் வயதிலோ நடுவயதிலோ தலைகாட்டும். வாழ்நாளில் இருமியே இராத பூனை 14 வயதில் முதன்முறையாக இருமத் தொடங்கினால் ஆஸ்துமா பட்டியலில் கீழே இறங்க வேண்டும், புற்று மேலே ஏற வேண்டும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, இதயப்புழு, நுரையீரல் புழு, மைகோபிளாஸ்மா போன்ற தொற்று, மூச்சுக்குழாயில் சிக்கிய ஏதாவது பொருள், குரல்வளைக் கோளாறு, உணவோ திரவமோ புரையேறுவது, இவையெல்லாமும் இருந்தன.

இதயத்தில் முணுமுணுப்பு கேட்டதால் அதன்மேல் பழி போடத் தோன்றும். நாய்க்கு இதய நோயில் இருமல் வரலாம். பூனையின் இதயம் தளர்ந்தால் மூச்சு வேகமாகும், திணறும். இருமல் அதன் அடையாளமாக வருவது அபூர்வம். இதயத்தின் எக்கோ ஸ்கேனில் இடது மேலறை இயல்பான அளவில் இருந்தது, இதயத்தை ஒதுக்கிவிட்டோம். ரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 2.2 மி.கி., பொட்டாசியம் லிட்டருக்கு 3.3 மில்லிமோல், அதாவது சற்றுக் குறைவு. தைராய்டு இயல்பு. ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடும் ஈசினோஃபில் வெள்ளணுக்கள் கூடவில்லை.

புழுக்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதயப்புழுவுக்கான ஆன்டிஜென் பரிசோதனை முதிர்ந்த பெண் புழுவைத்தான் கண்டுபிடிக்கும். பூனையின் உடலில் ஒன்றிரண்டு புழுக்களே இருக்கும், அவை ஆணாக இருந்தால் பரிசோதனை இல்லை என்றே சொல்லும். அதனால் புழுவுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனையும் சேர்த்துச் செய்தோம்; இரண்டுமே எதிர்மறை. வீட்டுக்குள் இருக்கும் பூனையாயிற்றே என்று இதை விட்டுவிடக் கூடாது, கொசுவுக்குக் கதவு தடையில்லை. நுரையீரல் புழு நத்தை வழியாக வருவது. அதன் இளம்புழுக்கள் மலத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிவரும் என்பதால் வெவ்வேறு நாளின் மூன்று மாதிரிகளைப் பார்த்தோம். எதுவும் இல்லை.

எக்ஸ்ரே எழுப்பிய கேள்வி

மார்பு எக்ஸ்ரேயை இருபக்கமும் படுக்கவைத்து ஒவ்வொன்று, மல்லாக்க வைத்து ஒன்று என மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும். ஒரே பக்கம் படுத்த பூனையின் அடிப்பக்க நுரையீரல் சுருங்கிவிடுவதால் அங்கே இருக்கும் கட்டி மறைந்துவிடும். முன்பு எடுத்திருந்தது ஒரே ஒரு படம். அதில் நுரையீரலின் வலது நடு மடல் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்துமா என்ற முடிவு வந்திருக்கிறது. அந்த ஊகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆஸ்துமாவில் சளி அடைத்து வலது நடு மடல் சுருங்குவது பழக்கமான காட்சிதான்.

ஆனால் மூன்று படங்களையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்ச் சுவர்கள் நுரையீரல் முழுக்கத் தடித்து வளையம் வளையமாகத் தெரியும், நுரையீரல் காற்றால் உப்பியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. இன்னொன்று, வெளுப்பு நடு மடலோடு நிற்காமல் வலது முன்மடலின் கீழ்ப்பகுதியிலும் இருந்தது. கீழ்ப்பகுதி, அதுவும் வலது. புரையேறிய பொருள் ஈர்ப்பு விசையோடு இறங்கித் தங்குகிற இடம் அது. ஸ்டெதாஸ்கோப்பில் நொறுநொறுப்பு கேட்டதும் அதே இடத்தில்தான்.

சரி, எது புரையேறுகிறது? வாந்தி இல்லை. சாப்பிடும்போது திக்குவதில்லை. விழுங்கிய உணவு திரும்பி வருவதில்லை. என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு முதல் நாளிலேயே பதில் வாங்கியிருந்தோம்: சிறுநீரக உணவு, பாஸ்பரஸ் மருந்து, அவ்வளவுதான். இப்போது கேள்வியை மாற்றிக் கேட்டேன். மருந்தோ மருந்தில்லையோ, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இவள் வாய்க்குள் நீங்கள் கையால் எதையெல்லாம் கொடுக்கிறீர்கள்?

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "ராத்திரி சிரிஞ்சில் லிக்விட் பாரஃபின் விடுவேன் டாக்டர். மலச்சிக்கலுக்கு. அது மருந்தில்லையே, வழவழப்புக்குத்தானே?"

எட்டு மாதமாகக் கொடுத்துவந்திருக்கிறார். தினமும் 3 மி.லி. சிறுநீரகம் பழுதான பூனைக்கு உடலில் நீர் குறையும், மலம் இறுகும். அதற்காக யாரோ சொன்ன யோசனை. மூன்று மாதம் போனபின் இருமல் வந்தது. இருமலை முடி உருண்டை என்று எல்லோரும் சொன்னார்கள். முடி உருண்டைக்கும் வழவழப்பு நல்லது என்று ராத்திரியோடு காலையிலும் கொடுக்க ஆரம்பித்தார். இருமல் கூடியது. அவர் எவ்வளவு பாசத்தோடு, எவ்வளவு ஒழுங்காக இதைச் செய்துவந்தார் என்பதைக் கேட்கும்போதே மனம் கனத்தது. அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பூனையைத் துண்டில் சுற்றி, தலையை நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சை அழுத்துவதை வீட்டில் எடுத்த வீடியோவில் பார்த்தேன். பூனை திமிறவில்லை, இருமவும் இல்லை. அமைதியாக விழுங்கியதுபோலவே இருந்தது.

இருமாமல் உள்ளே போகும் எண்ணெய்

தண்ணீர் தவறிக் குரல்வளையைத் தொட்டால் பூனை உடனே இருமித் தள்ளிவிடும். லிக்விட் பாரஃபினுக்குச் சுவையும் இல்லை, உறுத்தலும் இல்லை. அதனால் அந்த அனிச்சை இருமலைத் தூண்டாமலே அது மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப் போய்விடும். தலையை நிமிர்த்திப் பிடிப்பது அதன் பாதையை இன்னும் எளிதாக்கும். உள்ளே போனபின் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களால் அதைச் சரியாக மேலே தள்ள முடியாது.

நுரையீரலின் காற்றறைகளில் மாக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு செல்கள் இருக்கின்றன. அவை எண்ணெய்த் துளியை விழுங்கும். ஆனால் பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது; அதைச் சிதைக்கும் நொதி உடலில் இல்லை. செல் இறக்கும், எண்ணெய் வெளியே வரும், அடுத்த செல் அதை விழுங்கும். இந்தச் சுற்று ஓயாது. சுற்றிலும் அழற்சி, பிறகு தழும்பு. கொழுப்பு நிமோனியா என்று இதற்குப் பெயர். ஸ்டீராய்டு கொடுத்தபோது இருமல் பாதி குறைந்ததற்கும் இதுதான் விளக்கம். அழற்சி தணிந்தது, எண்ணெய் அங்கேயே இருந்தது, தினமும் புதிதாகவும் வந்துகொண்டிருந்தது.

சந்தேகம் வலுவானது என்றாலும் இத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பாகியிருக்கும். பூனைகளுக்கு வெளியிலிருந்து எண்ணெய் போகாமலே கொழுப்பு நிமோனியா வரலாம். புற்றுக் கட்டி மூச்சுக்குழாயை அடைத்தால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியில் உடலின் சொந்தக் கொழுப்பே தேங்கும். ஆகவே கட்டி இல்லை என்று உறுதிசெய்வது அவசியம்.

மயக்கத்தில் செய்த பரிசோதனைகள்

14 வயதுச் சிறுநீரக நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பது பற்றி வீட்டில் பயந்தார்கள், நியாயமான பயம். முந்தைய நாளிலிருந்தே நரம்பு வழியாகத் திரவம், மயக்கத்தின்போது ரத்த அழுத்தத்தை இடைவிடாமல் கவனிப்பது, தொடக்கத்திலும் முடிவிலும் ஆக்சிஜன், மூச்சுக்குழாய் இறுகாமல் இருக்க முன்கூட்டியே டெர்பியூட்டலின் ஊசி. சி.டி. ஸ்கேன், மூச்சுக்குழாய் உள்நோக்கி, நுரையீரல் கழுவல் எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்தோம்.

மயக்கம் ஆழமாவதற்கு முன் குரல்வளை அசைவதைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் சரியாகத் திறந்து மூடியது. விழுங்கும் வழியில் கோளாறு இருந்து எல்லாமே புரையேறுகிறதோ என்ற ஐயம் இதில் தீர்ந்தது.

சி.டி.யில் கட்டி இல்லை, நிணநீர்க் கணுக்கள் பெருக்கவில்லை. பாதிப்பு வலது நடு மடலிலும் வலது முன்மடலின் கீழ்ப்பகுதியிலும் மட்டும். சி.டி.யில் அடர்த்தியை எண்ணாகப் படிக்கலாம்: நீர் 0, காற்று -1000, கொழுப்பு -100-ஐ ஒட்டி. சாதாரண நிமோனியாவில் அடைந்துபோன நுரையீரல் நீரைவிடச் சற்று மேலே இருக்கும். இங்கே வெளுத்த பகுதிக்குள் சில இடங்கள் -50-க்கும் -70-க்கும் இடையில் இருந்தன. திரவத்தோடு காற்று கலந்திருந்தாலும் எதிர் எண் வரும் என்பதால், காற்றுக் குமிழே தெரியாத இடங்களாகப் பார்த்து அளந்தோம்.

நுரையீரல் கழுவலை அந்த வலது நடு மடலிலேயே செய்தோம். கிருமி நீக்கிய உப்புநீரைச் சிறிதளவு விட்டு உடனே உறிஞ்சி எடுப்பது முறை. திரும்பி வந்த திரவத்தின் மேல் நுரை இருந்தது. அது காற்றறை வரைக்கும் போய் வந்ததன் அடையாளம். சற்று நேரம் வைத்திருந்தபோது மேலே மெல்லிய பளபளப்பான படலம் மிதந்தது.

முன்பே கேள்வி கேட்டதன் பயன் இங்கேதான். செல்களைப் பார்க்க வழக்கமாகப் போடும் சாயத்தில் ஆல்கஹால் இருக்கிறது. அது கொழுப்பைக் கரைத்துவிடும். மாக்ரோஃபேஜுக்குள் வெற்றுத் துளைகள்தான் தெரியும், அவற்றுக்குப் பல காரணம் சொல்லலாம். பாரஃபின் விஷயம் தெரிந்திருந்ததால், ஆல்கஹால் படாத சில கண்ணாடித் தகடுகளைத் தனியாக எடுத்துவைத்து, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்தில் பார்க்கும்படி ஆய்வகத்துக்கு எழுதினோம். மாக்ரோஃபேஜ்களுக்கு உள்ளேயும் வெளியேயும் பெரிய சிவப்புத் துளிகள். செல்லுக்கு வெளியே இவ்வளவு பெரிய துளிகள் இருப்பது வெளியிலிருந்து வந்த எண்ணெய் என்பதற்கு வலுச் சேர்க்கிறது. அழற்சியில் கூடும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஓரளவு கூடியிருந்தன. ஈசினோஃபில் கூடவில்லை, புற்றுச் செல் இல்லை. கிருமி வளர்ப்பில் எதுவும் வளரவில்லை, மைகோபிளாஸ்மா பி.சி.ஆர். எதிர்மறை.

கொடுத்துவந்த வரலாறு, பாதித்த இடம், சி.டி. எண், செல்களில் எண்ணெய், கட்டி இல்லாமை. இவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் வெளியிலிருந்து வந்த எண்ணெயால் ஏற்பட்ட கொழுப்பு நிமோனியா என்று அறிக்கையில் எழுதினேன்.

சிகிச்சை

உள்ளே போன எண்ணெயை வெளியே எடுக்கும் மருந்து கிடையாது. பாரஃபினை நிறுத்துவதே முதன்மைச் சிகிச்சை. முடி உருண்டைப் பேஸ்ட்டும் பெட்ரோலியம் ஜெல்லியால் ஆனது. பூனை தானாக நக்கிச் சாப்பிட்டால் ஆபத்து குறைவு, வாயில் திணித்தால் அதுவும் உருகி உள்ளே போகலாம். அதையும் நிறுத்தினோம். தாவர எண்ணெயாக இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டார்கள். எந்த எண்ணெயையும் பூனையின் வாயில் சிரிஞ்சால் விட வேண்டாம் என்பதே என் பதில்.

ஆனால் மலச்சிக்கல் அப்படியே இருந்தால் இன்றில்லாவிட்டாலும் நாளை பாட்டில் மறுபடி கைக்கு வரும். எனவே அதைத் தீர்ப்பதும் இருமல் சிகிச்சையின் பகுதி. பொட்டாசியம் குறைந்தால் குடல் தசை சோர்ந்து மலச்சிக்கல் மோசமாகும். அதைத் தூளாக உணவில் சேர்த்தோம். உலர் உணவுக்குப் பதில் ஈர உணவு. வாரத்தில் மூன்று முறை தோலுக்கடியில் திரவம் ஏற்ற வீட்டிலேயே கற்றுக்கொடுத்தோம். மலமிளக்கியாக லாக்டுலோஸ் நல்ல மருந்துதான், ஆனால் அது பாகு, சிரிஞ்சில் விட வேண்டியது. சுவையற்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 தூளை ஈர உணவில் கலந்துவிடலாம் என்பதால் அதைத் தேர்ந்தேன், காலையும் மாலையும் கால் டீஸ்பூனில் பாதி.

ஸ்டீராய்டு தருவதா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. இருமலால் தூக்கமும் சாப்பாடும் கெட்டு எடை இறங்கிக்கொண்டிருந்ததால், கிலோவுக்கு 1 மி.கி. வீதம் பிரெட்னிசோலோனை இரண்டு வாரம் கொடுத்து, அடுத்த ஒரு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம், சர்க்கரையைக் கவனித்தபடி. கிருமி எதுவும் இல்லாததால் ஆன்டிபயாடிக் தரவில்லை.

மாத்திரையை உணவில் பொதிந்து கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் ஈர உணவு. எப்போதாவது தண்ணீர் மருந்தை சிரிஞ்சில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தாமல், கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னப் பக்கமாக அரை மி.லி. விட்டு, விழுங்கியபின் அடுத்தது. இதை அவர் கையால் எங்கள் முன்னாலேயே செய்துகாட்டச் சொன்னோம், தண்ணீரை வைத்து.

பிறகு

இரண்டாம் வாரத்தில் இரவு இருமல் நின்றது. அது ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதற்காகத்தான் காத்திருந்தோம். நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் இருமல் வாரத்தில் ஒரு முறையைத் தாண்டவில்லை. தூக்க மூச்சு 24-க்கு வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வலியில்லாமல் மலம் போனது. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் முன்மடலின் வெளுப்பு பெருமளவு கலைந்திருந்தது; நடு மடலில் தழும்பு அப்படியே இருக்கிறது, அது இனி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆறாம் மாதத்தில் எடை 3.5 கிலோ, கிரியேட்டினின் 2.3.

இருமல் மாதத்தில் ஓரிரு முறை இப்போதும் வருகிறது. அந்தத் தழும்புள்ள மடலில் கிருமித் தொற்று எளிதாக வரலாம் என்பதால், தூக்க மூச்சை வாரம் இருமுறை எண்ணி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம். அது 30-ஐத் தாண்டினாலோ சாப்பாடு குறைந்தாலோ அன்றே அழைத்துவர வேண்டும். இல்லையென்றால் அடுத்த எக்ஸ்ரே, சிறுநீரகப் பரிசோதனையோடு சேர்த்து, இன்னும் ஆறு மாதத்தில்.